‘ஒத்த டோக்கன்’ பாட்டுக்கு மூலம் கண்ட கதை

திருப்பூரில் அந்த வருஷம் ‘ஒத்த டோக்கன்’ பாட்டைக் கேட்காத காது ஒன்று இருந்திருந்தால் அது முழுச் செவிடாகத்தான் இருந்திருக்க வேண்டும். காதர்பேட்டை பனியன் கடைக்காரர்கள் காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டியதும் அதைத்தான் போட்டார்கள். காதுகுத்துக்குப் போட்டார்கள், கிடாவெட்டுக்குப் போட்டார்கள். தேர்தலில் ஒரு வேட்பாளர் அந்த மெட்டில் வாக்குக் கேட்டுவிட்டுப் போன சந்துக்குள் எதிர் வேட்பாளரும் அதே மெட்டில் வந்தார். ஜனங்கள் இரண்டு பேருக்கும் கை தட்டினார்கள். கிருத்திகைக்கு ஒரு பஜனைக் குழு அதைக் காவடிப் பாட்டாக்கியது. சென்னையில் ஒரு பையன் கிடாரை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சோகமாகப் பாடினான். அதைக் கேட்டுவிட்டு ஒரு பெண் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னும் சோகமாகப் பாடினாள். ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண்கள் தங்கள் பாஷையில் பாடிக்கொண்டார்கள். அதில் ‘டோக்கன்’ என்ற ஒரு சொல்தான் ஜெயபாரதிக்குப் புரிந்தது. ஆனால் பாடும்போது அந்தப் பெண்கள் கையை அடிவயிற்றில் வைத்தார்கள். மற்ற எல்லோரும் நெஞ்சில் வைத்தார்கள்.

ஜெயபாரதி முதலிபாளையத்தில், ஆத்தப்பன் என்பவருடைய ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பாட்டு எங்கே பிறந்தது என்று வெகுநாள் அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அது பிறந்தபோது அவள் கூடத்தான் இருந்தாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு தையல் லைனுக்கு இரண்டு டோக்கன். சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் வட்டமான பிளாஸ்டிக் வில்லைகள். கக்கூஸ் போகிறவள் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். வந்து திரும்பவும் ஆணியில் தொங்கவிட வேண்டும். இரண்டும் வெளியே போயிருந்தால் மூன்றாவது ஆளுக்கு வரக்கூடாது. ஆணியில் தொங்கினாலும் சூப்பர்வைசர் கதிர்வேல் மனசு வைத்தால்தான் கைக்கு வரும். ஏற்றுமதிக்குச் சரக்குக் கிளம்புகிற வாரத்தில் கதிர்வேலுக்கு மனசு என்ற உறுப்பே இருக்காது.

அப்படி ஒரு வாரத்தில்தான் கோமளாவுக்கு நீர்க்கடுப்பு. ஜெயபாரதிக்கு அடுத்த மிஷினில் பிளாட்லாக் ஓட்டுகிறவள் அவள். மூன்று தடவை எழுந்து போய்க் கேட்டாள்.

“இந்த மணிக்கான பீஸை முடிச்சுட்டுப் போங்கக்கா,” என்றார் கதிர்வேல். மரியாதையாகத்தான் சொன்னார். கொங்கு நாட்டில் மறுப்பதைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் மறுப்பார்கள்.

நான்காவது தடவை அவள் எழவில்லை. தலையைக் குனிந்தபடி மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தாள். ஜெயபாரதி குனிந்து பார்த்தபோது ஸ்டூலுக்குக் கீழே ஈரம் பரவிக்கொண்டிருந்தது. கட்டிங் வேஸ்ட் துணியை அள்ளி அதன்மேல் போட்டாள். பக்கத்து மிஷின்காரிகளும் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டார்கள். மணி அடிக்கிற வரைக்கும் கோமளா அந்தத் துணிக் குவியலுக்கு மேலே உட்கார்ந்து பனியன் தைத்தாள்.

சாயங்காலம் வேனில் ஊர் திரும்பும்போது கோமளா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். மொத்த வேனும் வாயை மூடிக்கொண்டு போனது. அது பொறுக்காமல்தான் ஜெயபாரதி வாயைத் திறந்தாள். கதிர்வேல் முன்னால் நெளிகிற மாதிரி நெளிந்துகொண்டு, எதிர் சீட்டுக் கம்பியில் வளையலைத் தட்டித் தட்டி, வாயில் வந்ததைப் பாடினாள்.

ஒத்த டோக்கன் தாங்க சாரு,
ஓடிப் போயி வந்தறனுங்க;
சத்த நேரம் மிசினு நின்னா
சாமி ஒண்ணுங் கோவிக்காதுங்க.

பின் சீட்டில் ஒருத்தி சிரித்துவிட்டாள். இன்னொருத்தி, “அத்தன பேரும் பாக்கறாங்க,” என்று அடுத்த அடியை எடுத்தாள். அப்புறம் எல்லோரும் கம்பியைத் தட்டினார்கள். அந்த அடியிலேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். முடிக்க யாருக்கும் தெரியவில்லை. அப்போது ஜன்னல் பக்கத்திலிருந்து, முகத்தைத் திருப்பாமலே, கோமளாவின் குரல் வந்தது:

“அடிவயிறு நோவுதுங்க.”

வேன் ஆடியது. கோமளாவும் சிரித்தாள். அழுகையும் அதற்குள் இருந்தது. ஆனாலும் சிரித்தாள். செக்கிங் டேபிளில் நிற்கும் வினிதா அதை ஃபோனில் எடுத்துவைத்திருந்தாள். இருட்டு, முகம் ஒன்றும் தெரியாது. குரலும் வளையல் சத்தமும்தான். ஏதோ ஆசையில் அதை இணையத்தில் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு வேனுக்குத் திரும்பி வரவில்லை.

சென்னையில் யாரோ அதற்கு டிரம்ஸ் சேர்த்தார்கள். வேறு யாரோ ‘சாரு’வை எடுத்துவிட்டு ‘புள்ள’யைப் போட்டார்கள். டோக்கன், காதலி தரவேண்டிய முத்தமாயிற்று. ‘அடிவயிறு நோவுதுங்க’ என்பது ‘அடிமனசு நோவுதடி’ ஆயிற்று. அப்படித்தான் அது நாட்டைச் சுற்றியது. ஒரு பாட்டு ஏன் பிடிக்கிறது என்று யாரும் யோசித்துவிட்டுப் பிடிப்பதில்லை. அந்த மெட்டில் ஒரு தவிப்பு இருந்தது, நிற்க முடியாமல் கால் மாற்றி மாற்றி நிற்கிற தவிப்பு. எதையாவது அடக்கிக்கொண்டிருக்கிற ஆள் கேட்டால் கால் தானாக ஆடும். எதையும் அடக்காத ஆள் ஊரில் யார்?

ஆட்டமும் ஒன்று வந்தது. இரண்டு முட்டியையும் இடித்து, இடுப்பை நெளித்து, ஒரு கையை நீட்டிக் கெஞ்ச வேண்டும். அதற்கு ‘டோக்கன் ஸ்டெப்’ என்று பெயர். கோமளாவின் அண்ணன் மகன் நிதிஷின் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை, பெண், பெண்ணுக்குத் தங்கை, தாய்மாமன், சமையல்காரர் எல்லோரும் முட்டியை இடித்து ஆடினார்கள்.

“வாங்கத்தே, ஒரே ஒரு ஸ்டெப்பு!” என்று நிதிஷ் மேடையிலிருந்து இறங்கி வந்து கோமளாவின் கையைப் பிடித்து இழுத்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவள் சிரித்தபடி கையை விடுவித்துக்கொண்டு வந்து ஜெயபாரதி பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஆட்டத்தையே பார்த்தாள்.

“நல்லாத்தான் ஆடறாங்க,” என்றாள். “ஏனக்கா, நானும் அன்னைக்கு அப்படித்தான் நின்னனா?”

ஜெயபாரதிக்குக் கையில் இருந்த ஐஸ்கிரீம் கிண்ணத்தை யார்மேலாவது எறியவேண்டும் போலிருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சீக்கிரமே அதற்கும் ஆள் கிடைத்தது.

ராயபுரத்தில் ஒரு மாடியில் ‘கொங்குப் பாட்டு மூலப் பேரவை’ என்று ஒரு அமைப்பு இருந்தது. மக்கள் வாயில் புழங்கும் பாட்டுகளுக்கு மூலம் கண்டுபிடித்துச் சான்று தருவது அதன் வேலை. பெயர்ப் பலகையின் முன்பாதியைப் பக்கத்துக் கடை விளம்பரம் மறைத்திருந்ததால் ‘மூலப் பேரவை’ என்பது மட்டும் தெரியும். உட்கார முடியாத நோயாளிகள் வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் படியேறி வந்து, தலைவர் முனைவர் தரணீதரனை ‘டாக்டர்’ என்று கும்பிட்டுவிட்டு, விஷயம் தெரிந்து இறங்கிப் போவார்கள். பேரவையின் புரவலர் ஆத்தப்பன்தான். பாட்டு கடல் தாண்டிப் போய்விட்டதால் அதன் மூலத்தைத் தீர்மானிப்பது அவசரம் என்று பேரவை முடிவு செய்தது. அந்தப் பாட்டை ஆரம்பத்தில் பாடியதாகச் சொல்லிக்கொள்ளும் பெண்கள் தன் கம்பெனியிலேயே இருப்பதாக ஆத்தப்பனுக்கு யாரோ சொல்ல, அவர் கதிர்வேலிடம் சொல்ல, கதிர்வேல் ஜெயபாரதியிடம் வந்து, “நாளைக்கு லீவு போடாமயே லீவுங்கக்கா. ராயபுரம் போய்ட்டு வந்துருங்க,” என்றார்.

“மூலத்துக்கெல்லாம் ஆபீஸ் வெச்சிருக்காங்களா?” என்றாள் வினிதா.

ஜெயபாரதி நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனாள். உள்ளது உள்ளபடி சொன்னால் பாட்டிலே வயிறு திரும்பவும் வயிறாகிவிடும் என்று நம்பினாள். கோமளா பெயரை மட்டும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

அங்கே கூட்டம் ஆரம்பிக்கவே வெகுநேரம் ஆயிற்று. முதலில் பேரவைப் பண் பாடினார்கள். அப்புறம் பொன்னாடை. உறுப்பினர்கள் ஐந்து பேர், பொன்னாடை ஒன்று. தலைவர் செயலாளருக்குப் போர்த்தினார். செயலாளர் விஜயகுமாரி அதை எடுத்துப் பொருளாளருக்குப் போர்த்தினார். அது வரிசையாகச் சுற்றி வந்து கடைசியில் தலைவர் தோளிலேயே உட்கார்ந்தது. ஒவ்வொரு தடவையும் எல்லோரும் கை தட்டினார்கள். ஜெயபாரதியும் தட்டினாள்.

“அம்மையே, இப்பாடலைத் தாங்கள் எங்கிருந்து பெற்றீர்கள்?” என்றார் தரணீதரன். அவர் வீட்டில் பால்காரரிடமும் இப்படித்தான் பேசுவார்.

“எங்கிருந்துங்க வாங்கறது? நாங்களே வேன்ல பாடுனதுங்க.”

“வேனில்!” தரணீதரன் கண்ணாடியைக் கழற்றினார். “விஜயகுமாரி, குறித்துக்கொள்ளுங்கள். பாடல் வேனிற் காலத்தில் தோன்றியது. அம்மையே, இளவேனிலா முதுவேனிலா?”

“வெள்ளை வேனுங்க. கம்பெனி வேன்.”

“வெண்வேனில்,” என்றார் விஜயகுமாரி வியப்போடு. “அரிய வழக்கு ஐயா.”

பாடிக் காட்டச் சொன்னார்கள். ஜெயபாரதி மேஜை ஓரத்தில் வளையலைத் தட்டிப் பாடினாள். பாடி முடித்ததும் சென்னைப் பெண் பாடியதைக் கணினியில் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐவரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள்.

“தங்கள் குரலில் மூலத்தின் குழைவு இல்லை,” என்றார் தலைவர் வருத்தமாக. “சொற்களிலும் சிதைவு. மனசு என்று வரவேண்டிய இடத்தில் வயிறு என்கிறீர்கள். கேள்விஞானத்தால் பாடுகிறவர்களுக்கு நேர்வதுதான். தங்களை மூன்றாம் நிலை மறுபாடகர் என்று பேரவை ஏற்கிறது.”

“மறுபாடகருன்னா என்னங்க?”

“பிறர் பாடியதைத் திரும்பப் பாடுகிறவர்.”

“ஏனுங்க, எங்க வாயில வந்த பாட்டுங்க அது. அப்பறந்தாங்க அவிய பாடுனாங்க. டோக்கன் குடுக்காம ஒரு புள்ளைய…” அவள் நிறுத்திக்கொண்டாள். “டோக்கன் குடுக்க மாட்டேங்கறாங்க, அதுக்குப் பாடுனதுங்க. அந்தப் புள்ளைக்கு நோவுனது வயிறுதானுங்க. மனசு பொறவால நொந்துச்சு.”

தரணீதரன் சிரித்தார். கோபமே இல்லாத, படித்த சிரிப்பு.

“நான் முப்பது ஆண்டு இத்துறையில் இருக்கிறேன் அம்மையே. ஒரு பாட்டை உண்டாக்கியவர் உயிரோடு இருப்பதைப்போல ஆய்வுக்குக் கேடு வேறொன்றுமில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். அப்புறம் ஆய்வாளனுக்கு என்ன வேலை? ஆகையால் உயிரோடு இருக்கிறவர்களின் வாக்குமூலத்தை ஏற்பதில்லை என்பது பேரவையின் முதல் விதி. இறந்தவர்கள் ஒருபோதும் எங்களை மறுத்துப் பேசியதில்லை. குறைந்தது ஒரு நூற்றாண்டாவது தள்ளி இருக்கவேண்டும்.”

“அதுக்கு நான் என்னங்க பண்றது?”

“ஒன்றும் செய்ய வேண்டாம்,” என்றார் விஜயகுமாரி ஆதரவாக. “அமைதியாக இருந்தாலே போதும்.”

ஜெயபாரதி படியிறங்கும்போது கீழே மருந்துக் கடைக்காரர், “குணமாச்சுங்களா?” என்று கேட்டார். ராயபுரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு நடந்தாள்.

பேரவை ஆய்வை முடித்தது. முடிவைக் கம்பெனியிலேயே, உணவு இடைவேளையில், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ‘டோக்கன்’ என்பது அயற்சொல் அல்ல. அது ‘தோகைக்கண்’, மயில் தோகையில் இருக்கிற கண். ‘மிசினு நின்னா’ என்பது ‘மிசை நின்றான்’. மலைமிசை நின்றான், அதாவது முருகன். ‘சாரு’ என்றால் அழகன். ஆகவே பல நூற்றாண்டுகளுக்கு முன் மலையடிவாரத்தில் ஒரு கன்னி, குன்றின்மேல் நின்ற அழகனிடம் ஒற்றை மயிலிறகு கேட்டுப் பாடிய பாட்டு இது. ஓடிப் போய் வருவது, மலையை வலம் வருவது. நோவது மனசு. ‘வயிறு’ என்பது பிற்காலத்தில் படிப்பறிவில்லாதவர்களால் நேர்ந்த பிழை.

கேண்டீனில் தயிர்சோறு தின்றுகொண்டிருந்த பெண்கள் கை நனைந்தபடியே கேட்டார்கள். கோமளா மட்டும் தின்பதை நிறுத்தவில்லை.

“நம்ம கக்கூஸைக் கோயில் ஆக்கிட்டாங்களே,” என்றாள் வினிதா.

அதோடு விடவில்லை. மூலம் கண்ட விழா என்று ஒன்றைக் கல்யாண மண்டபத்தில் நடத்த ஏற்பாடாயிற்று. சரக்கு வாங்கும் வெளிநாட்டு ‘பையர்’கள் வருகிறார்கள். பாட்டின் தூய வடிவத்தைத் தொழிலாளப் பெண்களே குழுவாகப் பாடவேண்டும். அதற்குத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒத்திகை. கம்பெனிக்குள்ளும் வேனுக்குள்ளும் ‘வயிறு’ பாடக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். தூய வடிவம் மணிக்கு ஒரு தடவை தையல் ஹாலில் ஒலித்தது. அது ஓடுகிற நேரத்தில் டோக்கன் கிடையாது, பாட்டுக்கு அவமரியாதை. முன்வரிசையில் நிற்க ஆத்தப்பனே நேரில் வந்து ஆள் தேர்ந்தெடுத்தார். முதல் ஆளாகக் கோமளாவைக் காட்டினார்.

ஜெயபாரதி கதிர்வேலைத் தனியாகப் பிடித்தாள். “சாரு, உங்களுக்குத் தெரியாததில்லீங்க. அவளை மட்டும் விட்டுருங்க. வேற யாரையாவது நிறுத்துங்க.”

கதிர்வேல் தரையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். மறுநாள் அந்த ஈரத்தைக் கழுவச் சொன்னவரே அவர்தான். “முதலாளி செலக்‌ஷனுங்கக்கா. சிரிச்ச முகமா இருக்குதுன்னு சொல்லிட்டாரு. நான் என்னங்க பண்ணட்டும்? எனக்கும் மேல ஆளு இருக்குதுங்களே.”

“எல்லார்த்துக்கும் மேல ஆளு இருக்குதுங்க. கீழதான் ஒருத்தரும் பாக்கறதில்லை,” என்றாள் ஜெயபாரதி.

கோமளாவிடம், சுகமில்லை என்று சொல்லிவிட்டு நீ வீட்டிலேயே இரு என்றாள். கோமளா தலையாட்டினாள். ஆனால் விழா அன்று பச்சைச் சேலை கட்டி, கொண்டையில் மயிலிறகு செருகி, முதல் ஆளாக வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

மண்டபத்தில் ஆறடி உயரத்துக்கு மயில் தோகை ஒன்றை நிறுத்தி, நடுவே டோக்கன் மாதிரி ஒரு வட்டத்தில் மின்விளக்கு எரிய விட்டிருந்தார்கள். குத்துவிளக்கை ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். விழா என்பதால் பொன்னாடை இரண்டு. பெண்களைக் காலையிலேயே மேடைக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். சேலை கசங்கும் என்று யாரையும் உட்கார விடவில்லை.

ஆத்தப்பன் பேசினார். “நான் படிக்காதவனுங்க. ஆனா தொழிலாளிய மனசு எனக்குத் தெரியும். வெளியூர்ல எல்லாம் பாருங்க, வேலை நேரத்துல டீ குடிக்கறாங்க, வெளிய போறாங்க. எங்க கம்பெனில மிசின்ல உக்காந்தா எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க! எந்திரிக்கச் சொன்னாக்கூட எந்திரிக்க மாட்டாங்க! அத்தனை பக்தி. அந்தப் பக்திலதான் முருகன் பாட்டு வருது.” பலத்த கைதட்டல். தரணீதரன் தோகைக்கண்ணைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். “நல்ல பாட்டுக்கு ஆசிரியர் இருக்கமாட்டார்,” என்று முடித்தார். “இருந்தால் அதை நாங்கள் ஆராய்ந்து நீக்கிவிடுவோம்.” இதற்கும் கைதட்டினார்கள்.

பெண்கள் மேடைக்கு வந்தார்கள். கையில் ஆளுக்கொரு மைக் கொடுத்தார்கள். ஜெயபாரதி மைக்கை வாயருகே வைத்து ‘உஃப்’ என்று ஊதிப் பார்த்தாள். சத்தமே இல்லை. ஒரு மைக்கும் வேலை செய்யாது. யாரோ பயிற்சி பெற்றவர்கள் பாடி வைத்திருந்த தூய வடிவம் ஓடும், இவர்கள் வாயை மட்டும் அசைக்க வேண்டும்.

பாட்டு ஓடியது. பெண்கள் வாயசைத்தார்கள். ‘அடிமனசு’ வருகிற இடத்தில் கோமளா வரிசையை விட்டு நகர்ந்தாள். ஏதோ ஆட்டம் என்று நினைத்துப் புகைப்படக்காரர்கள் முன்னால் ஓடினார்கள். அவள் நேராகப் போய், தரணீதரன் பேசிவிட்டுப் போன மைக்கின் முன்னால் நின்றாள். அது வேலை செய்கிற மைக்.

“அதை நிறுத்துங்க,” என்றாள். யாரோ நிறுத்தினார்கள்.

“பேரு கோமளாங்க. பிளாட்லாக் டெய்லர். இந்தப் பாட்டு என்னைப் பத்துனதுங்க. நீர்க்கடுப்புன்னு டோக்கன் கேட்டேன், குடுக்கலீங்க. முடியாம மிசின்லயே, ஸ்டூல்ல உக்காந்தபடியே ஒண்ணுக்குப் போயிட்டனுங்க. இவியெல்லாம் வேஸ்ட் துணி போட்டு மூடுனாங்க. வேன்ல போகும்போது நான் அழாம இருக்கோணும்னு எங்கக்கா பாடுனாங்க. அவ்வளவுதானுங்க. மயிலும் இல்லை, மலையும் இல்லீங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “அடிவயிறுன்னு பாடுனது நானுங்க. அது தப்பில்லீங்க. எனக்கு அங்கதான் நொந்துச்சு.”

இனி என்ன செய்வார்கள், இதற்குமேல் என்னதான் சொல்லிவிட முடியும் என்று ஜெயபாரதி முன்வரிசையைப் பார்த்தாள்.

தரணீதரன் எழுந்தார். கைகளை உயரத் தூக்கித் தட்டினார்.

“அற்புதம்! அற்புதம்! பாடலைத் தனிமொழி நாடகமாக்கி விட்டார்! தன்னையே தலைவியாக வரித்துக்கொண்டு, எத்தனை இயல்பான நடிப்பு! இதைத்தான் வாழும் மரபு என்கிறோம்!”

மண்டபமே எழுந்து நின்று தட்டியது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் விசில் பறந்தது. “அந்தம்மா என்ன சொன்னாங்க?” என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்க, பக்கத்தில் இருந்த கம்பெனி மெர்ச்சண்டைசர், “கம்பெனிக்கு நன்றி சொன்னாங்க,” என்று அவர் பாஷையில் எடுத்துச் சொன்னார். ஆத்தப்பன் மேடையேறி, இரண்டு பொன்னாடைகளில் ஒன்றைக் கோமளாவுக்குப் போர்த்தினார். சிறந்த மறுஆக்கத்துக்கான ஆறுதல் பரிசு அவளுக்கு என்று விஜயகுமாரி அறிவித்தார். ஒரு கண்ணாடி மயில் கொடுத்தார்கள். இறங்கும்போது பொன்னாடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அடுத்து ஆளிருந்தது.

வேனில் யாரும் பாடவில்லை. கோமளா மடியில் கண்ணாடி மயிலை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

வினிதா மெதுவாகக் கேட்டாள். “நீங்க பேசுனதைப் பூராவும் எடுத்திருக்கறனுங்கக்கா. போடட்டுங்களா?”

“வேண்டாம் சாமி,” என்றாள் ஜெயபாரதி. “போட்டா இதுக்கும் ஒரு ஸ்டெப் கண்டுபிடிப்பாங்க.”

வேன் நொய்யல் பாலத்தைத் தாண்டியது. ஜெயபாரதிக்குக் கோபம் அடங்கவில்லை. பாட்டாகச் சொன்னோம், ஆடினார்கள். பேச்சாகச் சொன்னோம், கை தட்டினார்கள். இவர்கள் காதுக்கு எதைக் கொடுத்தாலும் கேட்கிறது, ஒன்றுமே உள்ளே போவதில்லை. கேட்பதை முதலில் நிறுத்தித் தொலைக்க வேண்டும் என்று நினைத்தாள். அவள் நினைத்த ‘கேட்பது’, டோக்கன் கேட்பது.

“கோமளா, நாளைக்கு நான் எந்திரிப்பேன்,” என்றாள்.

“நானுந்தானுங்க,” என்றாள் கோமளா.

முன் சீட்டு, பின் சீட்டு, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்தன.

மறுநாள் காலை முதல் மணி நேரம் முடிந்தது. ஒலிபெருக்கியில் தோகைக்கண் பாட்டு ஆரம்பித்தது. ஜெயபாரதி மிஷினை நிறுத்தினாள். எழுந்தாள். கோமளா எழுந்தாள். அடுத்த மிஷின் நின்றது, அதற்கடுத்தது நின்றது. ஹெல்ப்பர்கள் கையிலிருந்த கட்டுகளைக் கீழே வைத்தார்கள். ஒடிசாப் பெண்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் முதலிலேயே எழுந்து நின்றிருந்தார்கள். ஆணியில் டோக்கன்கள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. யாரும் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கதிர்வேல் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து, “என்னங்கக்கா… எங்கீங்க எல்லாரும்… பாட்டு ஓடுதுங்க,” என்றார். அவரைத் தாண்டி நடந்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் பாடவில்லை. நூறு மிஷின் நின்றுபோன ஹாலில் பாட்டு மட்டும் தனியாக மலையேறிக்கொண்டிருந்தது.

கழிப்பறையில் நான்கு கதவுகள். அதில் இரண்டு எப்போதும் பூட்டியே இருக்கும். பூட்டு ஏன் என்று கேட்க அதுவரை யாருக்கும் டோக்கன் நேரம் போதியதில்லை. வினிதா இரும்பு அளவுகோலை விட்டு நெம்பினாள். உள்ளே தரை தெரியாமல் நூல் கோன்களும், விழா பேனர் சுருள்களும், பேரவையின் பழைய பதாகைகளும் அடுக்கியிருந்தார்கள். ஜெயபாரதி சேலையைத் தூக்கிச் செருகினாள். முதல் பேனரை இழுத்து வெளியே எறிந்தாள். அதிலிருந்த தரணீதரன் வராண்டாவில் முகங்குப்புற விழுந்தார். கைக்குக் கை மாற்றி எல்லாவற்றையும் வெளியே கொட்டினார்கள். ஒருத்தி குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடித்து இரண்டு அறையையும் கழுவிவிட்டாள். பிறகு வரிசையாக நின்றார்கள். கோமளாவை முன்னால் போகச் சொன்னார்கள். அவள் நிதானமாகப் போனாள், நிதானமாக வந்தாள், நிதானமாகக் கையைக் கழுவினாள்.

அதற்குள் மேனேஜர் ஓடி வந்தார். மேலே கண்ணாடி அறையிலிருந்து ஆத்தப்பன் ஃபோனில் கத்துவது கீழே வரை கேட்டது. கதிர்வேல் வரிசையின் கடைசியில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரி கேட்டார்:

“ஏனுங்கக்கா, இதெல்லாம் என்னங்க? யாரைக் கேட்டு வந்தீங்க? நான் மேல என்னன்னு போய்ச் சொல்றது?”

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கோமளா அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து அவரும் ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

“வரிசைல நிக்கறோம்னு சொல்லுங்க,” என்றாள். “உங்களுக்கும் போவோணும்னா, பொறகால நில்லுங்க சாரு.”